விருந்து எங்களுக்கா, புகைக்கா?

கேள்வி: வீட்டின் பின்புறம் சின்னதாக ஒரு தோட்டம் இருக்கிறது. போன கோடையில் நண்பர்களும் உறவினர்களுமாக 20 பேரை அழைத்து பார்பிக்யூ விருந்து வைத்தேன். மாலை 7 மணிக்கு வரச்சொல்லியிருந்தேன். எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு கரியைப் பற்றவைத்தேன். முதல் கோழித்துண்டு தட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. அதுவும் மேலே கரி, உள்ளே எலும்போரம் பச்சை. குழந்தைகள் ரொட்டியைத் தின்றுவிட்டுத் தூங்கிப்போனார்கள். சைவம் சாப்பிடும் என் அக்கா நாலு துண்டு வெள்ளரிக்காயோடு எழுந்துவிட்டார். எல்லோரும் கிளம்பிய பிறகு என் மனைவி கேட்டார்: "நீங்கள் விருந்து வைத்தது எங்களுக்கா, புகைக்கா?" இந்த ஆண்டும் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மறுபடி துணியலாமா, இல்லை உணவகத்திலிருந்து வரவழைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தாராளமாகத் துணியுங்கள். உணவகத்திலிருந்து வரவழைப்பது குற்றமில்லை; ஆனால் பிள்ளைகள் கேட்பது கோழியை அல்ல, நெருப்பை.

என்ன தவறு நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. "எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு கரியைப் பற்றவைத்தேன்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலிருந்துதான் மற்ற எல்லாத் துன்பமும் கிளம்பியிருக்கிறது. பசியோடு 20 பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாருக்கும் பொறுமை இருக்காது. தீ நாக்கு எழும்பியதுமே கோழியைக் கம்பிமேல் போட்டிருப்பீர்கள். கொழுப்பு சொட்டியிருக்கும், தீ இன்னும் எழும்பியிருக்கும், தோல் கருகியிருக்கும், எலும்புவரை சூடு போயே இருக்காது.

"நீறு பூத்த நெருப்பு" என்று சொல்கிறோம் அல்லவா? அடக்கிவைத்த கோபத்துக்கு அந்தச் சொல்லைச் செலவழித்துப் பழகிவிட்டோம். பார்பிக்யூவுக்கு அது நேரடியான சமையல் குறிப்பு. எரியும் கரியில் சமைக்கக் கூடாது. எரிந்து அடங்கி, மேலே வெளுத்த சாம்பல் படிந்து, உள்ளே செக்கச்செவேலென்று கனலும் கங்கில்தான் சமைக்க வேண்டும். அந்த நிலைக்கு வரக் கரிக்கு அரைமணி நேரம் பிடிக்கும். காற்றில்லாத நாளாக இருந்தால் இன்னும் பத்து நிமிடம் கூடும்.

ஆகவே 7 மணி விருந்துக்கு ஐந்தரைக்கே பற்றவையுங்கள். இரண்டு பக்கமும் திறந்த உயரமான தகர உருளை ஒன்று விற்கிறார்கள். அடிப்பக்கம் ஒரு சல்லடை இருக்கும். மேலே கரியை நிரப்பி, அடியில் இரண்டு தாள் செய்தித்தாளைக் கசக்கிச் செருகிப் பற்றவைத்தால், சூடான காற்று மேலே எழும்பக் கீழிருந்து புதுக்காற்று தானாக இழுபடும். விசிறியும் வேண்டாம், ஊதுகுழலும் வேண்டாம். முதலில் வெள்ளைப் புகை கிளம்பும், பிறகு அது மெலியும், கடைசியில் உருளையின் வாயில் காற்று மட்டும் நெளியும். மேல்வரிசைக் கரியின் ஓரங்கள் வெளுக்கத் தொடங்கியதும் அடுப்பில் கொட்டிவிடலாம். உருளையைக் கல்மீதோ சிமென்ட் தரைமீதோ வையுங்கள், புல்லில் வேண்டாம். 20 பேருக்கு ஒரு தடவை பற்றவைத்த கரி போதாது. முதல் கங்கு சோர்வதற்கு முன்பே, ஆறே முக்கால் வாக்கில், அடுத்த உருளையைத் தயார் செய்யத் தொடங்குங்கள். பச்சைக் கரியைக் கங்கின்மேல் கொட்டினால் மறுபடி புகைதான்.

மண்ணெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. வயதில் சின்னவனாக இருந்தபோது, கரி அணைந்துவிட்டது என்று நினைத்து ஒரு குவளை ஊற்றினேன். அது அணையவில்லை. என் புருவம் திரும்ப முளைக்க இரண்டு மாதம் ஆயிற்று; அன்றைய மீனின் மண்ணெண்ணெய் வாடையை என் தம்பி இன்றும் சொல்லிக்காட்டுகிறான். பற்றவைப்பதற்கென்றே விற்கும் திரவமாக இருந்தாலும், ஏற்கெனவே சூடான கரியின்மேல் ஊற்றாதீர்கள்.

அடுத்தது கருகலும் பச்சையும். கங்கை அடுப்பு முழுக்கப் பரப்பாதீர்கள். ஒரு பக்கமாக ஒதுக்கிக் குவியுங்கள். மறுபக்கம் வெறுமையாக இருக்கட்டும். கம்பி வலைக்கு மேலே, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்துப் பாருங்கள். கங்குப் பக்கம் இரண்டு மூன்று நொடிக்குமேல் வைக்க முடியாது. வெறும் பக்கம் சாவகாசமாகவே வைத்திருக்கலாம். எலும்போடு கூடிய கோழித்தொடையை வெறும் பக்கம் வைத்து மூடியைப் போட்டுவிடுங்கள். 40 நிமிடம் போல ஆகும். வெந்த பிறகு கங்குப் பக்கத்துக்குத் தள்ளி, இரண்டு மூன்று நிமிடம் புரட்டித் தோலை முறுகவிடுங்கள். நீங்கள் செய்ததற்கு நேர் எதிர் வரிசை இது. கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பலும் கொழுப்பும் தெறிக்கும். துண்டுகளை வெறும் பக்கம் நகர்த்திவிட்டு மூடியைப் போட்டால் போதும்.

அந்த மூடியைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கோள வடிவ அடுப்பு வந்ததே அதற்காகத்தான். 1952இல் சிகாகோ பக்கத்தில் ஒரு உலோகப் பட்டறையில் வேலை செய்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், காற்றும் சாம்பலும் தன் சமையலைக் கெடுப்பதைப் பொறுக்க மாட்டாமல், அங்கே செய்துகொண்டிருந்த, நீரில் மிதக்கவிடும் உலோக மிதவைக் கோளத்தை இரண்டாக வெட்டி, கீழ்ப்பாதியை அடுப்பாகவும் மேல்பாதியை மூடியாகவும் ஆக்கினார். இன்று வெபர் அடுப்பு என்று உலகமெங்கும் விற்பது அதன் வழிவந்ததுதான். 'பார்பிக்யூ' என்ற சொல்லின் கதையும் பொறுமையைத்தான் சொல்கிறது. கரீபியன் தீவுகளின் டைனோ மக்கள் நெருப்புக்கு மேலே உயரமாகக் கட்டிய மரச்சட்டத்தை 'பார்பகோவா' என்றார்கள். ஸ்பானியர்கள் 1526இல் அதை அச்சேற்றினார்கள். சட்டம் உயரத்தில், நெருப்பு தாழ்வில். அவர்களுக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

வெந்ததா என்பதற்கு நிறத்தை நம்பாதீர்கள். நன்றாக வெந்த கோழியிலும் எலும்போரம் சிவப்பு தங்கும். வேகாததும் சில சமயம் வெளுத்திருக்கும். இறைச்சிக்குள் செருகும் சின்ன வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். எலும்பில் படாமல், தடித்த இடத்தில் செருகிப் பார்த்து, கோழி 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் எடுக்கலாம். கொத்திய இறைச்சிக்கு 71, மீனுக்கு 63. எடுத்ததும் வெட்டாமல் ஐந்து நிமிடம் வையுங்கள், சாறு தட்டில் ஓடாமல் உள்ளேயே நிற்கும். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்க மாட்டார்களா?

இனி, நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று. என்னென்ன சமைத்தீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. கோழி, மீன், இறைச்சி உருண்டை, இறால் என்று ஒரு திருமணப் பந்திக்கான பட்டியல் இருந்திருக்கும் என்பது என் ஊகம். அரை அடுப்பில்தான் சமைக்கப்போகிறீர்கள். ஒரு சாதாரண வட்ட அடுப்பின் வெறும் பக்கம் பன்னிரண்டு தொடைக்குமேல் கொள்ளாது. எனவே நெருப்பில் மூன்றே பண்டங்கள். மெதுவாக வேகும் ஒன்று, கம்பியில் கோத்துப் பத்து நிமிடத்தில் இறக்கும் ஒன்று, ஒரு காய்கறி. மற்றதெல்லாம் குளிர்ச்சியாகவோ ஆறினபடியோ சாப்பிடும் பண்டங்களாக இருக்கட்டும். அவை மத்தியானமே தயாராகிவிட வேண்டும். எலும்பில்லாத இறைச்சி என்றால் பெரியவர்களுக்குத் தலைக்கு 200 முதல் 250 கிராம் தாராளம், எலும்போடு என்றால் 400 கிராம் வரை. குழந்தைகளுக்குப் பாதி. தொடைகளை ஆறேகாலுக்கே ஏற்றிவிட்டால், விருந்தாளிகள் நுழையும்போது முதல் தட்டு இறங்கிக்கொண்டிருக்கும்.

அடுப்பில் இடம் போதாது என்று பயந்தால், தொடைகளைச் சமையலறை ஓவனில் முக்கால்வாசி வேகவைத்து நேராகக் கங்குக்குக் கொண்டுவரலாம். பார்பிக்யூ பக்தர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் வீட்டில் 20 பேர் பசியோடு காத்திருக்கவில்லை. ஆனால் அரைவேக்காட்டை வெளியே ஆறவிட்டு மாலையில் சுடாதீர்கள். அந்த இடைவெளியில் கிருமி பெருகும்.

ஊறவைக்கும் விஷயத்தில் உப்பை முந்தின நாள் இரவே தடவுங்கள். எலுமிச்சை, வினிகர் மாதிரிப் புளிப்புக்கு மீன் என்றால் அரைமணி நேரம் போதும், அதிகம் ஊறினால் மீனின் தசை வெளுத்து உதிரும். தேனோ சர்க்கரையோ சேர்ந்த குழம்பைக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் பூச வேண்டும். முன்பே பூசினால் கோழி வேகுமுன் சர்க்கரை கருகிக் கசக்கும். பச்சை இறைச்சி ஊறின சாற்றை வெந்த துண்டின்மேல் பூசாதீர்கள். பச்சைக்கோழி வந்த தட்டிலேயே வெந்ததை அடுக்குவதுதான் கொல்லைப்புற விருந்துகளில் எளிதாக நடந்துவிடும் விபத்து. கையில் இடுக்கி, புகையில் கண், பேச்சுக்கொடுக்க ஒரு நண்பர் என்று நிற்பவருக்குத் தட்டு மாறுவது தெரியாது. பச்சைக்கு ஒரு நிறத் தட்டு, வெந்ததற்கு வேறு நிறத் தட்டு வைத்துவிட்டால் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. சமைத்தது எதுவும் இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியில் இருக்க வேண்டாம். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான்.

அக்காவின் விஷயம் எனக்கு உறுத்துகிறது. இவ்வளவு பேரில் அவர் ஒருவர்தான் பசியோடு வீட்டுக்குப் போயிருக்கிறார். முதலில் அவரிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்: ஒரே அடுப்பில் சுட்டால் சாப்பிடுவாரா, தனி அடுப்பு வேண்டுமா? சைவக்காரர் ஒவ்வொருவருக்கும் கோடு வேறு இடத்தில் இருக்கும், நீங்களாக முடிவெடுக்காதீர்கள். ஒரே அடுப்பு போதும் என்றால், துலக்கிய கம்பி வலையில் இறைச்சி ஏறுவதற்கு முன்பே, தனி இடுக்கியால், அவர் பங்கு ஆகட்டும். வேண்டாம் என்றால் சின்ன அடுப்பு ஒன்றை இரவல் வாங்குங்கள். விரல் தடிமனில் நறுக்கிய கத்தரிக்காய், முழுக் குடைமிளகாய், காளான், தோலோடு சோளக்கதிர் எல்லாம் கங்கில் அருமையாக வேகும். எண்ணெயைக் கம்பியில் ஊற்றாமல் காயில் தடவுங்கள். குடைமிளகாயின் தோல் நன்றாகக் கருகட்டும். ஒரு பாத்திரத்தில் போட்டு மூடிவைத்தால் பத்து நிமிடத்தில் தோல் விரலோடு வந்துவிடும், உள்ளே இனிக்கும். எச்சரிக்கிறேன், இதைச் செய்தால் அசைவக்காரர்கள்தான் முதலில் காலி செய்வார்கள். அக்கா பங்கைத் தனியே எடுத்துவையுங்கள்.

கம்பி வலையைத் துலக்கும் இரும்பு நார்த்தூரிகையின் இழைகள் ஒடிந்து உணவோடு தொண்டைக்குள் போய் அவதிப்பட்டவர்கள் உண்டு. துலக்கிய பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். அடுப்பு வீட்டுச் சுவரிலிருந்து, மரக்கிளையிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி நிற்கட்டும். மழை வந்தால் விருந்தாளிகள் உள்ளே வரலாம். அடுப்பு வரக் கூடாது, கார் நிறுத்தும் கொட்டகைக்குள்கூட. கங்கு வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, ஆளைக் கொன்றுவிடும். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், துணி காயப்போட்டிருந்தால் எடுத்துக்கொள்வார்கள். ஒரு தட்டு அவர்களுக்கும் போகட்டும்.

இப்போது உங்கள் மனைவியின் கேள்வி. அவருடைய புகார் கருகிய கோழியைப் பற்றியது என்றா நினைக்கிறீர்கள்? அன்று மாலை முழுக்க நீங்கள் யாரோடும் உட்காரவில்லை. இடுக்கியைக் கையில் எடுத்த ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு, அதைச் செங்கோல் போலப் பிடித்துக்கொண்டு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் "தீ அதிகம், கொஞ்சம் தள்ளு" என்று அடுப்பருகே வந்து யோசனை சொல்லும் ஒரு மைத்துனரோ சித்தப்பாவோ இருப்பார். இந்த முறை ஏழரை மணிக்கு இடுக்கியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். வெப்பமானியையும் கொடுத்து, 74 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள். இரண்டு தட்டு எடுத்துக்கொண்டு மனைவி உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் போங்கள். நாற்காலிகளைக் காற்று வரும் பக்கமாகப் போட்டிருந்தால் அங்கே புகை வராது.

ஒன்பது மணிக்குமேல் புதுக்கரி போடாதீர்கள். சோர்ந்த கங்கில் அன்னாசித் துண்டுகளைப் பழுப்பேறும்வரை சுட்டுக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். அவர்கள் கேட்ட நெருப்பு அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத்தக்க அளவுக்கு அடங்கியிருக்கும். எல்லாம் முடிந்ததும் அடுப்பின் மூடியைப் போட்டு, மேலும் கீழும் உள்ள காற்றுத்துளைகளை அடைத்துவிடுங்கள். மிஞ்சிய கரி அணைந்து அடுத்த முறைக்கு ஆகும். மறுநாள் காலை சாம்பல் ஆறிவிட்டது போலத்தான் இருக்கும். அதை நம்பிப் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிடாதீர்கள். இரண்டு நாள் அடுப்பிலேயே கிடக்கட்டும். பிறகு தகர வாளியில் அள்ளுங்கள்.