டெஸ்ட் சொன்னது கதிரியல், மனம் கேட்பது குழந்தைகள் வாட்டு

கேள்வி: மட்டக்களப்பிலிருந்து வந்து கொழும்பு மருத்துவ பீடத்தில் நான்காம் வருடம் படிக்கிறேன். துறை தெரிவு செய்ய உதவும் சுயமதிப்பீட்டுக் கேள்வித்தாள் ஒன்றை இணையத்தில் நிரப்பினேன். கதிரியல்தான், அதாவது எக்ஸ்ரே, ஸ்கான் படங்களைப் பார்த்து நோயறியும் துறைதான், பொருத்தம் என்று வந்தது. எனக்கோ லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் இருந்த நாட்கள்தான் பிடித்தன. எதை நம்புவது?

பதில்: எதற்குக் குறைவாகப் புள்ளி போட்டீர்கள் என்று முதலில் பாருங்கள், தங்கச்சி. நோயாளியுடன் நெடுநேரம் பேசுவதற்கா? கொழும்பு வாட்டுகளில் நோயாளியிடம் சிங்களத்தில் நோய் விபரம் கேட்டு ஹிஸ்டரி எடுக்கத் தடுமாறும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர், 'எனக்குப் பேச்சு வராது' என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். அது மொழியின் தடுமாற்றம், சுபாவம் அல்ல. தமிழ் பேசும் தாய் ஒருவர் பிள்ளையோடு வந்த அன்று நீங்கள் எப்படி இருந்தீர்கள்? கேள்வித்தாளுக்கு இதெல்லாம் தெரியாது. நீங்கள் சொன்னதைக் கூட்டிக் கழித்து உங்களிடமே திருப்பித் தருகிறது, அவ்வளவுதான்.

சரி, பிடித்தது குழந்தைகள் வாட்டா, அங்கே நன்றாகப் படிப்பித்த கன்சல்டன்டா? நான் மாணவனாக இருந்தபோது ஒரு நல்ல ஆசிரியரைப் பார்த்து, சத்திரசிகிச்சைதான் என் துறை என்று ஆறு மாதம் சொல்லித் திரிந்தேன். ஒப்பரேஷன் தியேட்டரில் மூன்றாவது மணித்தியாலம் நின்றபடியே கண் சொருகும்!

ஒரு கொப்பி வையுங்கள். அரிய நோய் வந்த நாளை எழுத வேண்டாம், அது யாருக்கும் பிடிக்கும். மூச்சிழுப்போடு பத்தாவது பிள்ளை வந்த மத்தியானத்தை எழுதுங்கள். அழுத தாயைச் சமாளித்த பிறகு வந்தது களைப்பா, எரிச்சலா? அன்றன்றே எழுதிவிடுங்கள், ஒரு கிழமை போனால் ஞாபகம் இனிப்பாகிவிடும். அப்புறம், கூடவே வாட்டுக்கு வரும் தோழியிடமும் உங்களைப் பற்றிக் கேளுங்கள்.

அவசரம் இல்லை. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியின் கடைசி வருடத்திலேயே துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நமக்கு அப்படியல்ல. இறுதி வருடத்தில் பேராசிரியர் அலகுகள் (பீடத்துப் பேராசிரியர்களின் வாட்டுகளில் பயிற்சி), அதன்பின் இரண்டு துறைகளில் ஆறு ஆறு மாதமாக ஒரு வருட உள்ளகப் பயிற்சி, அதற்கும் பிறகுதான் விசேட துறைப் படிப்புக்கான பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சை. உள்ளகப் பயிற்சியில் ஒரு பாதியைக் குழந்தை மருத்துவத்தில் செய்ய முடிந்தால் உங்களுக்கே விடை தெரிந்துவிடும்.

கதிரியலில் அப்படி ஆறு மாதம் கிடைக்காது. அதனால் விடுமுறையில் ஒரு கதிரியல் வைத்தியரிடம் அனுமதி கேட்டு, ஸ்கான் அறையில் இரண்டு நாள் இருந்து பாருங்கள். அங்கேயும் அவர் நோயாளிகளோடு எவ்வளவு பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள்.