ஒரு டிஸ்க்கை மாற்றினால் இடம் கூடுமா?

கேள்வி: வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் ‘நாஸ்’ பெட்டி, சினாலஜி டிஎஸ்220 ப்ளஸ் வைத்திருக்கிறேன். 4 டிபி டிஸ்க் இரண்டு, மிர்ரர் முறையில் ஓடுகிறது. குடும்பப் போட்டோக்கள், அப்பா பாடிய வில்லுப்பாட்டு கேசட்டுகளை மாற்றி வைத்த ஆடியோ எல்லாம் அதில்தான். இப்போது 92 சதவீதம் நிரம்பிவிட்டது. 200 ஜிபி அழித்துப் பார்த்தேன், அளவு குறையவே இல்லை. “ஒரு 8 டிபி வாங்கி ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மொத்தம் 12 ஆகிவிடும்” என்கிறார் மச்சான். கடைக்காரரோ நாலு டிஸ்க் பெட்டியே வாங்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: மச்சான் கணக்கு தப்பு. மளிகைக் கடையில் கடன் சொல்லி வாங்கும்போது கடைக்காரர் நோட்டில் ஒரு வரி, நம் நோட்டில் அதே வரி எழுதுவோமே, மிர்ரர் என்பது அதுதான். ஒரு நோட்டு நூறு பக்கம், இன்னொன்று இருநூறு பக்கம் என்றால் நூறாவது பக்கத்தோடு கணக்கு நின்றுவிடும். ஒரு டிஸ்க்கை மட்டும் 8 ஆக்கினால் உங்களுக்குக் கிடைப்பது பழைய 4தான். மீதி சும்மா கிடக்கும். இரண்டாவதையும் மாற்றிய பிறகு 8. மிர்ரரில் 12 வரவே வராது. உங்கள் பெட்டியில் எஸ்எச்ஆர் (டிஸ்குகளைச் சேர்த்துப் பயன்படுத்த சினாலஜி வைத்திருக்கும் சொந்த முறை) என்று காட்டினாலும், இரண்டு டிஸ்க்குக்கு இதே கதைதான்.

கடைக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. உங்கள் பெட்டியோடு கூடுதல் டிஸ்க் பெட்டி இணைக்க முடியாது. அதன் அண்ணன் டிஎஸ்720 ப்ளஸுக்குத்தான் அந்த வசதி. ஆனால் போட்டோவும் பாட்டும் வைக்க 8 டிபி தாராளம். பெட்டி நன்றாக ஓடுகிறதென்றால் டிஸ்க்கை மட்டும் மாற்றுங்கள்.

அதற்கு முன்னால் அழித்த 200 ஜிபி எங்கே போனது என்று பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு ஷேர்டு ஃபோல்டருக்குள்ளும் ‘ரீசைக்கிள்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அழித்ததெல்லாம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். அதைக் காலி செய்தும் குறையவில்லையா? ஸ்னாப்ஷாட், அதாவது ஃபைல்கள் ஒரு நேரத்தில் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைப்பது, ஓடுகிறதா என்று பாருங்கள். பழைய ஸ்னாப்ஷாட் கையில் வைத்திருக்கும் ஃபைலை நீங்கள் அழித்தாலும் இடம் திரும்பாது. என் வீட்டில் ஒருமுறை இந்த இரண்டையும் துடைத்து, போனிலிருந்து தானாக ஏறியிருந்த வாட்ஸ்அப் ‘காலை வணக்கம்’ படங்களையும் தூக்கியதில் டிஸ்க் வாங்கும் செலவு ஓர் ஆண்டு தள்ளிப்போனது. ரோஜாப்பூவும் காபி டம்ளருமாக ஆயிரக்கணக்கில்!

அப்படியும் இடம் போதாதென்றால் டிஸ்க் வாங்குங்கள். வாங்கும்போது கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அது சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா? வேண்டியது சிஎம்ஆர், அதில் எழுதும் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்க்கில் தடங்கள் நாட்டு ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன் விளிம்பின்மேல் ஒன்று ஏறியிருக்கும். நடுவில் உள்ள ஓடு ஒன்றை மாற்றப் போனால் பக்கத்து ஓடுகளையும் கலைத்து அடுக்க வேண்டுமல்லவா, அதே பாடு அங்கேயும். டிஸ்க் மாற்றும் நேரத்தில் மணிக்கணக்காக விடாமல் எழுதும்போது அது திணறிப்போகும். அட்டைப் பெட்டியில் ‘நாஸ்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப முடியாது. வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரை சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. அதன் பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்குகளை ‘ரெட் ப்ளஸ்’ என்று தனியாகப் பிரித்தார்கள். சீகேட்டில் ஐயன்வுல்ஃப் எல்லாமே சிஎம்ஆர்.

மாற்றும் நாளுக்கு முன்பே யூஎஸ்பி டிஸ்க் ஒன்றில் முக்கியமானதையெல்லாம் நகல் எடுத்துவிடுங்கள். குறிப்பாக அந்த வில்லுப்பாட்டு. போட்டோவாவது நாலு சொந்தக்காரர் போனில் கிடைக்கும், அப்பாவின் குரல் வேறெங்கும் கிடைக்காது. மிர்ரர் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். ஒரு டிஸ்க் செத்தால் அது காப்பாற்றும். நீங்களே தவறி அழித்தால் இரண்டிலும் சேர்த்தே அழிக்கும்.

அப்புறம் உங்கள் ஏரியாவில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தத் தேதி என்று பாருங்கள். யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

பெட்டியின் அமைப்புத் திரையில் உள்ள ஸ்டோரேஜ் மேனேஜரில் ஒரு டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ‘டீஆக்டிவேட்’ கொடுத்து, அந்த டிஸ்க் இருக்கும் டிரேயை மட்டும் உருவி, புது 8 டிபியைப் போட்டு ‘ரிப்பேர்’ கொடுங்கள். 4 டிபியை நகலெடுக்க எட்டு மணி நேரமாவது ஆகும். அன்றைக்கு அதில் சினிமா ஓட்டினால் இன்னும் இழுக்கும். முழுதாக முடிந்து ‘ஹெல்தி’ என்று வந்த பிறகே அடுத்த டிஸ்க். இரண்டாவது சுற்று இன்னும் நேரம் பிடிக்கும், புதிதாகக் கிடைத்த இடத்தையும் சேர்த்து ஒத்துப் பார்க்கும். ஃபைல்கள் இருக்கும் சேமிப்புப் பகுதியான வால்யூம் தானாக விரியவில்லை என்றால் அதன் அமைப்பில் ‘மேக்ஸ்’ கொடுங்கள்.

டிரேயை உருவும் இடத்தில்தான் நான் ஒருமுறை மாட்டினேன். இரண்டாம் டிஸ்க்கில் பேட் செக்டர் (படிக்க முடியாமல் கெட்டுப்போன இடம்) வந்துவிட்டது, மாற்ற வேண்டும். கரண்ட் போய்ப் போய் வந்த ராத்திரி, டார்ச் வெளிச்சத்தில் ஒன்றாம் டிஸ்க்கை உருவிவிட்டேன். பதறிப்போய் திரும்பச் செருகினால் பெட்டி அதை ‘பழையது’ என்று ஒதுக்கிவிட்டு, கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து நல்ல டிஸ்க்குக்கு நகலெடுக்கக் கிளம்பியது! பதினொரு போட்டோ போயே போச்சு. அக்கா வீட்டில் கொடுத்து வைத்திருந்த பழைய யூஎஸ்பி டிஸ்க்கில் ஒன்பது கிடைத்தன. அன்றிலிருந்து ஒவ்வொரு டிரே முகப்பிலும் வெள்ளை டேப் ஒட்டி, அந்த டிஸ்க்கின் சீரியல் நம்பரில் கடைசி நாலு எழுத்தைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். திரையில் காட்டும் நம்பரும் டேப்பில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று வீட்டுக்காரியை வாசிக்கச் சொல்லித்தான் உருவுவேன். அவளுக்குச் சிரிப்பு.

முதலில் கழற்றிய 4 டிபியை உடனே ஃபார்மட் செய்யாதீர்கள். கழற்றிய நொடி வரைக்குமான முழு நகல் அதில் இருக்கிறது. வேலை முழுக்க முடியும் வரை பீரோவில் கிடக்கட்டும்.

கேள்வி: 8 டிபி டிஸ்க் வாங்கிப் போட்டால் 7.2 என்றுதான் காட்டுகிறது. கடையில் ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகி, தாம்பரம்

பதில்: இல்லை. தயாரிப்பவர் கணக்கில் 8 டிபி என்றால் 8 லட்சம் கோடி பைட். பெட்டி அதையே ஆயிரத்தால் வகுக்காமல் 1,024 ஆல் நாலு முறை வகுத்துக் காட்டுவதால் 7.27 ஆகிறது. ஊருக்கு ஊர் படியின் அளவு மாறிய காலத்தில் அரிசி வாங்கியவர்களுக்கு இது புரியும். பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வாரண்டிக்கு ஆகும்.