கர்ப்பகால எச்ஐவி டெஸ்ட்: நம்பிக்கை மையத்துல (அரசு எச்ஐவி டெஸ்ட், ஆலோசனை மையம்) ஆலோசகரா இருக்கேன், கேளுங்க

கேள்வி: 3 மாசம் அக்கா. ஜிஎச்ல எச்ஐவி டெஸ்ட் எழுதிட்டாங்க. நாங்க அந்த மாதிரி குடும்பம் இல்லையே?

பதில்: உங்கள சந்தேகப்பட்டு எழுதலம்மா, ஹீமோகுளோபின் பாக்குற மாதிரி மாசமா வர்ற எல்லாருக்கும் எழுதுறதுதான். தாய்க்கு இருந்து மருந்து எடுக்கலன்னா குழந்தைக்குப் போக 15லருந்து 45 சதவீதம் வரை வாய்ப்பு, ஒழுங்கா எடுத்தா 5க்கும் கீழ. 2017 எச்ஐவி சட்டப்படி உங்க சம்மதம் கேட்டுத்தான் எடுக்கணும். போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: கொசு கடிச்சா வருமா?

பதில்: வராது.

கேள்வி: அக்கா, பிரைவேட் லேப்ல பாசிட்டிவ்னு வந்துடுச்சு. 5 மாசம். கலைச்சிடணுமா? ரெண்டு நாளா சாப்பிடல.

பதில்: மொதல்ல சாப்பிடும்மா. ஒரு கிட்ல வந்தத வச்சு முடிவு பண்ணக்கூடாது, நம்பிக்கை மையத்துல மூணு வேற வேற கிட்ல பாத்துதான் உறுதி பண்ணுவாங்க. உறுதியானாலும் இதுக்காக கலைக்க வேண்டியதே இல்ல. ஏஆர்டி மையத்துல, அதாவது எச்ஐவிக்கு மருந்து குடுக்குற அரசு மையத்துல, மாத்திரை இலவசம், அன்னைக்கே ஆரம்பிச்சு விடாம போடணும். பிறந்ததும் குழந்தைக்கு சிரப், 6வது வாரம் குதிகால்ல குத்தி நாலஞ்சு சொட்டு ரத்தத்த அட்டைல காயவச்சு டெஸ்டுக்கு அனுப்புவோம், கடைசி டெஸ்ட் 18வது மாசம். போன மாசம் ஒரு அம்மா அந்த கடைசி ரிசல்ட் வாங்க வந்தாங்க, பையன் என் ஸ்டாம்ப் பேட்ல கைய வச்சு ரெஜிஸ்டர் பூரா நீலமாக்கிட்டான். நெகட்டிவ்.

கேள்வி: நல்ல குடும்பத்துப் பொண்ணுக்கு எதுக்கு டெஸ்ட்?

பதில்: மேல சொல்லிட்டேன். படிங்க.

கேள்வி: பொண்ணுக்குத்தான வந்திருக்கு, அவர எதுக்கு இழுக்குறீங்க? மாமியார்கிட்ட மறைக்கச் சொல்லி குடும்பத்தப் பிரிக்கிறீங்க.

பதில்: தம்பி, மாசமானதால அவ மொதல்ல டெஸ்ட் எடுத்தா, அவ்ளோதான். அந்தத் தேதிய வச்சே அவதான் கொண்டுவந்தான்னு வீட்ட விட்டுத் துரத்துறத நான் பாத்திருக்கேன். அதுக்குத்தான் ரெண்டு பேரும் ஒரே நாள்ல எடுங்கன்னு தொண்ட வறள சொல்றேன். ரிசல்ட் அவளோடது, மாமியார்கிட்ட சொல்ற அதிகாரம் எனக்கே கிடையாது.

கேள்வி: இன்னொரு அண்ணனா சொல்றேன், அக்கா சொல்றது சரி. என் மனைவிகூட நானும் எடுத்தேன், கால் மணி நேரம்கூட ஆகல.

பதில்: நன்றிப்பா. இத உங்க ஃபிரெண்ட்ஸ்கிட்ட சொல்லுங்க, நான் சொன்னா கேக்க மாட்டாங்க.

கேள்வி: தாய்ப்பால்?

பதில்: மாத்திரை விடாம போட்டுட்டு, 6 மாசம் வரை தாய்ப்பால் மட்டும். பவுடர் பாலோட மாத்தி மாத்தி குடுக்காதீங்க.

கேள்வி: எனக்கு சுகர் 180 இருக்கு...

பதில்: அத உங்க டாக்டர்கிட்ட கேளுங்கம்மா.

கேள்வி: 5 மாசம்னு கேட்டேனே அக்கா. அவர்கிட்ட பேசிட்டேன், நாளைக்கு ரெண்டு பேரும் போறோம். வெறும் வயித்துலயா?

பதில்: வேணாம்மா, ரெண்டு பேரும் சாப்ட்டுட்டே போங்க. ராத்திரி பயமா இருந்தா எச்ஐவி ஹெல்ப்லைன் 1097க்கு போன் போடு, காசு கிடையாது.