விளையாட வைக்க முடியாது

அன்புள்ள அக்கா,

விடுமுறை ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்குப் பன்னிரண்டு. இரண்டு பேரும் சோபாவை விட்டு எழுவதில்லை. பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போய், பக்கத்திலேயே நின்று மகனை விளையாட வைத்தாலும் பத்து நிமிடத்தில் “வீட்டுக்குப் போகலாமா?” என்கிறான். தினமும் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும் என்கிறார்களே. மகளுக்குக் கண்ணாடி வந்துவிட்டது, இவனுக்கும் வந்துவிடுமோ என்று பயம். இணையத்தை அணைத்துவிடலாமா? வெயில் வேறு. என்ன செய்யட்டும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டேன். “விளையாட வைத்தாலும்.” ஒரு பிள்ளையைச் சாப்பிட வைக்கலாம், தூங்க வைக்கலாம், படிக்கவும் வைக்கலாம். விளையாட வைக்க முடியாது அம்மா. வைத்த நிமிடத்திலிருந்து அது விளையாட்டு இல்லை, இன்னொரு வகுப்பு. பத்து நிமிடம் தாக்குப்பிடித்தானே, அதுவே பெரிய விஷயம்.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். வெயிலுக்குக் காலையிலும் மாலையிலும் போங்கள், தொப்பி, தண்ணீர், அவ்வளவுதான். ஒரு மணி நேரக் கணக்கு உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சொன்னது, அதுவும் வாரம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் நாளுக்குச் சராசரி 60 நிமிடம் என்றுதான். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடாதீர்கள். கண்ணைப் பற்றிய பயம் மட்டும் நியாயமானது. சீனாவின் குவாங்சோவில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் சுமார் 40 சதவீதம். 2015-ல் வெளியான ஆய்வு. வீட்டுக்குள் எத்தனை விளக்கு போட்டாலும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் சில நூறுதான், வெளியே மர நிழலில்கூட அதைப்போல் பல மடங்கு வெளிச்சம். ஆக, அவன் ஓட வேண்டும் என்றுகூட இல்லை, வெளியே சும்மா உட்கார்ந்திருந்தாலும் கண்ணுக்கு நல்லதுதான். இது உங்களுக்கு நிம்மதி தரும் என்று நினைக்கிறேன்.

சரி, நான் சொல்ல வந்தது குழியைப் பற்றி.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு கோடை விடுமுறையில் நானும் அண்ணனும் கொல்லையில் கிணறு வெட்ட ஆரம்பித்தோம். கைப்பிடி உடைந்த மண்வெட்டி ஒன்று, ஓட்டை வாளி ஒன்று. யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தண்ணீர் தேவைப்படவும் இல்லை. இரண்டாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள், மேஸ்திரி யார் என்று சண்டை வந்தது, ஒருவன் கோபித்துக்கொண்டு போய் மறுநாள் அவன் வீட்டுக் கடப்பாரையோடு திரும்பினான். கடப்பாரை வைத்திருந்தவனே மேஸ்திரி ஆனான். ஆறு நாளில் என் முழங்கால் ஆழம் வந்தது. பாட்டி ஒரே ஒரு தடவை வெளியே வந்தாள். “யாரைப் புதைக்கப் போறீங்க?” என்று கேட்டாள், பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள். பாட்டி ஆறு நாளும் ஜன்னல் ஓரமாகவே உட்கார்ந்து காய் நறுக்கினாள் என்று பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த “உள்ளே போய்விட்டாள்” என்பதை நீங்கள் செய்வீர்களா? பக்கத்திலேயே நிற்கிறீர்கள், “ஊஞ்சல்ல போ, சறுக்குல போ, மண்ணைத் தொடாதே” என்கிறீர்கள், நடுவில் போட்டோ வேறு எடுப்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், என் மகளிடம் நானும் இதையேதான் செய்தேன், அதனால்தான் இவ்வளவு விவரமாகத் தெரிகிறது.

சோரன்சன் என்று டென்மார்க்கில் ஒரு நிலவடிவமைப்பாளர் இருந்தார். விளையாட்டுத் திடல்கள் அமைத்துக் கொடுத்தவர். பிள்ளைகள் அவற்றை விட்டுவிட்டுக் கட்டட வேலை நடக்கும் இடங்களில் கிடக்கும் பலகையிலும் செங்கல்லிலும் போய் விழுவதைக் கவனித்தார். 1943-ல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் நடுவில், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் அப்படிப்பட்ட தட்டுமுட்டுச் சாமான்களையே போட்டு ஒரு திடல் திறந்தார்கள். பெரியவர் ஒருவர் அங்கே எப்போதும் இருந்தார், ஆனால் இதைக் கட்டு, அதைக் கட்டு என்று சொல்வது அவர் வேலை இல்லை. சறுக்குமரத்தில் சறுக்கத்தான் முடியும். பலகை கிடைத்தால் அது பாலமா, கதவா, கப்பலா என்று பிள்ளைகளுக்குள் பெரிய வழக்கே நடக்கும்.

அதனால் பூங்காவை விடுங்கள். ஒரு பழைய வாளி, கரண்டி, கயிறு, கொஞ்சம் அட்டைப்பெட்டி, மண் உள்ள ஏதாவது ஒரு மூலை. இன்னொரு பிள்ளை கட்டாயம் வேண்டும், தனியாகத் தோண்டினால் அது வெறும் வேலை. நீங்கள் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒரு புத்தகத்தோடு உட்காருங்கள், போனோடு வேண்டாம். முதல் இரண்டு நாள் சும்மா நிற்பான், முணுமுணுப்பான், உங்களையே பார்ப்பான். பார்க்கட்டும். மூன்றாம் நாளும் அப்படியே நின்றால் என்னைத் திட்டி எழுதுங்கள்.

இணையத்தை அணைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். எனக்கு அதில் பெரிய அபிப்பிராயம் எதுவும் இல்லை.

மகளைப் பற்றி நான் ஒன்றுமே சொல்லவில்லை, பார்த்தீர்களா. பன்னிரண்டு வயதுக்காரிக்கு வாளியும் கயிறும் போதாது, தோழி வேண்டும். அவள் தோழி யார், வீடு எவ்வளவு தூரம், அங்கே அவளைத் தனியாக நடந்து போக விடுவீர்களா? அதை எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அக்கா