மதராஸ் கோட்டை ஆவணங்களில் சாதாரண மக்களின் வாழ்க்கை தெரியுமா, கவர்னர்களின் கதை மட்டும்தானா?

தெரியும். ஆனால் எந்த ஆவணக் கட்டை எடுத்துப் பிரிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலானவர்கள் கவர்னர் லண்டனுக்கு எழுதிய கடிதங்களில் ஆரம்பிக்கிறார்கள். அதில் நவாப், பிரெஞ்சுக்காரர், கப்பல் தாமதம், வெள்ளி போதவில்லை என்ற புலம்பல், இவைதான் வரும். சலித்துப்போய் ‘இதில் நம்ம ஆட்களே இல்லை’ என்று மூடிவைத்துவிடுகிறார்கள். சரக்குக் கணக்கு, சுங்கக் கணக்கு, புகார் விசாரணை, கவுன்சில் கூட்டக் குறிப்பு, செத்துப்போனவரின் சொத்துப் பட்டியல் இவற்றைத் திறந்தால் ஊரே இருக்கிறது. கைத்தறித் துணியின் வரலாற்றில் உள்ள பிடிப்பால் பல வருடங்களாக இந்தப் பதிவுகளைப் படித்துவருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கும்பினிக்காரர்கள், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார், ஏன் இவ்வளவு எழுதினார்கள் என்பது முதலில் புரிய வேண்டும். 1639-இல் இங்கே கோட்டை கட்ட இடம் வாங்கியவர்களின் முதலாளிகள் லண்டனில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கடிதம் போய்ச்சேர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும், பதில் வர அதே அளவு. கண்ணில் படாத குமாஸ்தாக்களை நம்பிப் பணம் போட்டவர்கள், ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்டார்கள். அதனால் கவுன்சிலில் என்ன பேசினோம், யாருக்கு முன்பணம் கொடுத்தோம், எந்தத் துணியை ஏன் கழித்தோம் என்று எல்லாவற்றையும் எழுதிப் பிரதி எடுத்துக் கப்பலில் அனுப்பினார்கள். இன்று ஒரு பகுதி எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் இன்னொரு பகுதி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருப்பதற்கு இதுதான் காரணம். எழும்பூரில் 1670 முதலான பதிவுகள் உண்டு. இங்கே இல்லாத வருடங்கள் சில அங்கே கிடைக்கும்.

எழுதிய காரணம் பணம் என்பதால், யார் பெயர் ஏறும் யார் பெயர் ஏறாது என்பதையும் பணம்தான் தீர்மானித்தது. ஒழுங்காகத் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தவன் கணக்கில் வெறும் துணி எண்ணிக்கை. அவன் கையை நிறுத்தினால்தான் கவுன்சில் அவனைப் பற்றிப் பேசுகிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கு என் முக்கியமான பதில் இதுதான்: வேலை எங்கே நின்றதோ அந்தப் பக்கங்களைத் தேடுங்கள்.

1680-ஐ எடுத்துக்கொள்வோம். துணிக்குச் சாயம் தீட்டுகிறவர்கள் கோபித்துக்கொண்டு சாந்தோமில் போய்க் கூடிவிட்டார்கள். அங்கிருந்து ஊரில் உள்ள மற்ற சாதிகளுக்கும், கும்பினியிடம் வேலை பார்த்த துபாஷிகளுக்கும் (மொழிபெயர்ப்பாளர்களாகவும் தரகர்களாகவும் இருந்தவர்கள்), பியூன்களுக்கும், வண்ணார்களுக்கும் ஓலை அனுப்பி, நீங்களும் வெளியே வாருங்கள், வராவிட்டால் உயிர் தப்பாது என்று மிரட்டியிருக்கிறார்கள். ஊருக்குள் வந்த சரக்கையும் தானியத்தையும் வழியில் மறித்து, மாட்டின் முதுகிலிருந்த துணி மூட்டைகளைத் தள்ளிவிட்டார்கள். இதை எழுதியவர் எரிச்சலோடுதான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த எரிச்சலில் நமக்கு எவ்வளவு கிடைக்கிறது பாருங்கள். துணி மாட்டில் வந்தது, சாயக்காரர்களுக்கும் வண்ணார்களுக்கும் இடையே பேச்சுவார்த்தை இருந்தது, சாந்தோம் கும்பினியின் கைக்கு எட்டாத புகலிடமாக இருந்தது. ஒரே பதிவில் இவ்வளவும்.

1686 ஜனவரியில் வீட்டு வரியை எதிர்த்து ஊரே கடைகளை அடைத்தது. அதைவிட 1707 கலவரம் இன்னும் விரிவாகப் பதிவாகியிருக்கிறது. அன்று ஊர்ச் சாதிகள் வலங்கை, இடங்கை என்று இரண்டு அணிகளாகப் பிரிந்திருந்தன. அந்த இரண்டு அணிகளுக்குள் எந்தத் தெருவில் யார் கல்யாண ஊர்வலம் போவது என்று தகராறு. மேலே பார்த்தால் தெருச் சண்டை. ஆனால் அதற்குச் சற்று முன்னால்தான் கவர்னர் தாமஸ் பிட் துணி ஒப்பந்தத்தில் இடங்கை வணிகர்களுக்கு இடம் கொடுத்திருந்தார், அதுவரை அது வலங்கையாரின் பிடியில் இருந்தது. ஊர்வலக் குறிப்பையும் ஒப்பந்தக் குறிப்பையும் தனித்தனியாகப் படித்தால் இது பிடிபடாது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். வலங்கையைச் சேர்ந்த படகோட்டிகள், வண்ணார்கள், மீனவர்கள் எல்லாம் சாந்தோமுக்குப் போய்விட்டார்கள். மதராஸில் அன்று துறைமுகம் கிடையாது. கப்பல் ஆழ்கடலில் நங்கூரம் போடும், கரையிலிருந்து மசூலா படகில்தான் எதுவும் போக வேண்டும். ஆணி அடித்த படகு இந்த அலையில் உடைந்துவிடும் என்பதால் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள், அலை மோதும்போது அது வளைந்து கொடுக்கும். அதை ஓட்டத் தெரிந்தவர்கள் ஊரைவிட்டுப் போனால் ஒரு பெட்டி வெள்ளி இறங்காது, ஒரு பேல் துணி ஏறாது. கடைசியில் பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். இன்றைக்கும் அந்தத் தெருக்களில் நடக்கும்போது எனக்கு அந்தப் பக்கங்கள்தான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, சண்டை இல்லாத நாட்களில்? அப்போது சரக்குக் கணக்குதான். வணிகர்களிடம் கும்பினி ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுக்கும், அது இடைத்தரகர் வழியாக நெசவாளிக்குப் போகும். துணி திரும்பி வந்ததும் கோட்டைக் கிடங்கில் மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பார்கள். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், எத்தனை புஞ்சம் என்பதை வைத்துத்தான் விலை. ஒரு புஞ்சத்துக்கு 120 இழை. 14 புஞ்சம் என்றால் துணியின் அகலத்துக்கு 1,680 இழை வர வேண்டும். இழை குறைந்தாலோ நீளம் குறைந்தாலோ விலையைக் குறைப்பார்கள், ரொம்ப மோசம் என்றால் திருப்பி அனுப்புவார்கள். ‘இந்த வருடம் துணி மெல்லிசு’ என்று கவுன்சில் குறைபட்டுக்கொண்டால், பஞ்சு விலையும் அரிசி விலையும் ஏறியிருக்கின்றனவா என்று உடனே பார்ப்பேன். வாங்கும் விலை ஏறாமல் அரிசி விலை மட்டும் ஏறினால் நெசவாளிக்கு வேறு வழி ஏது? இழையில்தான் கைவைப்பான். வணிகர்கள் கவுன்சில் முன்னால் வந்து பஞ்சு விலையைச் சொல்லி வாதாடும் பதிவுகள் உண்டு. அவர்கள் தங்கள் லாபத்துக்காகப் பேசினாலும், தறிக்காரனின் வயிறு அதில் தெரிந்துவிடுகிறது.

இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட இல்லாதவர்கள் பெண்கள். அவ்வளவு துணிக்கும் நூல் நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். ஆனால் நூலைக் கும்பினி வாங்கவில்லை, நெசவாளிதான் வாங்கினான். அதனால் நூற்றவளின் பெயர் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. இத்தனை ஆயிரம் பக்கங்களில் என்னை மிகவும் வருத்துகிற குறை இதுதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1687 வாக்கில் கடும் பஞ்சம். ஜனங்கள் தங்களையும் பிள்ளைகளையும் விற்கும் நிலைக்கு வந்தார்கள். அந்த வருடம் கவுன்சில் எடுத்த முடிவு, கடல் வழியே அனுப்பப்படும் ஒவ்வொரு அடிமைக்கும் ஒரு வராகன் (அன்றைய பொற்காசு) சுங்கம் என்பது. அடுத்த வருடம் ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள். மற்ற சரக்குச் சுங்கம் எந்தத் தொனியில் எழுதப்பட்டதோ அதே தொனியில் இதுவும் எழுதப்பட்டிருக்கிறது. சுங்கப் பதிவை அவசரமாகப் புரட்டக் கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இந்த ஒரு வரி.

படிக்கும்போது தடுக்கி விழ வைக்கும் விஷயங்கள் இரண்டு உண்டு. ஒன்று தேதி. 1752 வரைக்கும் ஆங்கிலேயருக்கு வருடப் பிறப்பு மார்ச் 25. நான் மேலே சொன்ன 1686 ஜனவரி, மூலத்தில் 1685 என்றிருக்கும். பிரெஞ்சுக்காரர்களின் நாட்காட்டி வேறு என்பதால், அவர்கள் பதிவோடு ஒப்பிட்டால் இதற்கு மேல் பத்துப் பதினோரு நாள் வித்தியாசமும் வரும். இரண்டாவது காசு. பழைய கும்பினிக் கணக்கில் ஒரு வராகனுக்கு 36 பணம் (‘பணம்’ என்பது அன்றைய சிறு நாணயம்), பின்னாளில் 42. இதைக் கவனிக்காமல் இரண்டு காலத்துக் கூலியை ஒப்பிட்டால் தப்பான முடிவுக்கு வந்துவிடுவோம். ரூபாய்க் கணக்கு 1818-இல்தான் வருகிறது. அப்புறம் பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். ‘வெரோனா’ என்று எழுதியிருப்பது 1680-இல் இறந்த தலைமை வணிகர் காசி வீரண்ணா.

நம் பக்கத்திலிருந்து எழுதியது எதுவும் இல்லையா என்றால், புதுச்சேரிக்குப் போக வேண்டும். பெரம்பூரில் 1709-இல் பிறந்து, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761-இல் சாகும்வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எந்தச் சரக்கு இறங்கியது என்று எழுதிய அதே கையால் யார் வீட்டுக் கல்யாணம், யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள், எத்தனை நாழிகைக்கு என்ன நடந்தது என்றும் எழுதியிருக்கிறார். கோட்டைக் குமாஸ்தா எழுதவே எழுதாத விஷயங்கள் இவை. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்த செய்தி புதுச்சேரிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை அவரிடம் படித்துவிட்டு ஆங்கிலப் பதிவுக்கு வந்தால் இரண்டுமே வேறு மாதிரி தெரியும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அவர் பெரிய பணக்காரர், பெரிய வணிகர். கூலிக்காரனை அவரும் மேலிருந்துதான் பார்க்கிறார்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் எழும்பூருக்கு ஓட வேண்டிய அவசியம் இல்லை. கவுன்சில் குறிப்புகளில் பழைய வருடங்களை மதராஸ் அரசு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சிட்டது. அவற்றின் ஸ்கேன் பிரதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1680-ஆம் வருடத் தொகுதியை எடுங்கள். முழுவதையும் படிக்க நினைக்காமல் படகோட்டிகளோ வண்ணார்களோ, ஒரு தொழிலை மட்டும் தேர்ந்தெடுத்து, அவர்கள் வரும் இடத்தையெல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் பாதிக்கு மேல் கப்பல்கள் இந்தக் கரையில் நிற்காது. அந்த மாதங்களில் உங்கள் நோட்டு காலியாக இருந்தால், தேடலில் தவறு என்று நினைத்துவிடாதீர்கள்.