வீட்டில் சென்சார் பொருத்தினால் மறதி நோயின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

நோய் இதுதான் என்று சென்சார் சொல்லாது. ஆனால் டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்பதை அறிய அது உதவக்கூடும்.

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில், ஓரிகன் உடல்நல அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆர்காடெக் மையம் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறது. முதியவர் தினமும் நடந்து போகும் இடத்தின் மேற்கூரையில் சில அகச்சிவப்பு சென்சார்களை வரிசையாகப் பொருத்துகிறார்கள். கேமரா கிடையாது. ஒவ்வொரு சென்சாரும் அவரை எந்த நொடியில் உணர்ந்தது என்பதை வைத்து நடை வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் எப்போதோ ஒருமுறை நடக்கச் சொல்லிப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே அவர் இயல்பாக நடக்கிறார், அதுவும் நாள்தோறும் பல முறை.

70 வயதைக் கடந்து தனியாக வாழும் 93 பேரிடம் இப்படி எடுத்த அளவுகள் 2012இல் வெளியாயின. மெதுவாக நடந்தவர்களிடையே, மறதி நோய்க்கு முன்னோடியாக இருக்கக்கூடிய லேசான அறிவாற்றல் குறைபாடு கூடுதலாக இருந்தது. வேகத்தின் ஏற்ற இறக்கம் மிக அதிகமாக இருந்தவர்களிடமும், மிகக் குறைவாக இருந்தவர்களிடமும் அதே தொடர்பு தெரிந்தது. எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் முக்கியமாகப் படுகிறது; வருடாந்திரப் பரிசோதனையில் இது பிடிபடவே பிடிபடாது.

ஸ்மார்ட்வாட்ச் இதயத் துடிப்புக்கும் தூக்கத்துக்கும் நல்லது. ஆனால் மறதி உள்ளவர் அதைச் சார்ஜ் போடவும் கட்டிக்கொள்ளவும் மறந்துவிடலாம்.

வீட்டில் இருவர் இருந்தால் நடந்தவர் யார் என்று கூரை சென்சாருக்குத் தெரியாது. மூட்டு வலி வந்தாலும் நடை தளரும். எதைப் பொருத்துவதானாலும், அப்பா அம்மாவிடம் விளக்கிச் சொல்லி, அவர்கள் சம்மதித்த பிறகே பொருத்துங்கள்.