விர்ச்சுவல் அசிஸ்டென்ட் வேலைக்கு முதல் வாடிக்கையாளரை எங்கே தேடுவது?

விர்ச்சுவல் அசிஸ்டென்ட் (வீட்டிலிருந்தே ஆன்லைனில் அலுவலக உதவி செய்பவர்) வேலைக்கு, ஃப்ரீலான்ஸ் வேலைத் தளமான அப்வொர்க்கில் விண்ணப்பித்துக்கொண்டே இருந்தும் யாரும் பதில் போடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அங்கே ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கனெக்ட்ஸ் என்ற டோக்கன்கள் செலவாகும். ரிவ்யூ ஒன்றுகூட இல்லாத புது ஆளை நம்பி வேலை கொடுக்கத் தயங்குவார்கள். உங்களை ஏற்கெனவே அறிந்தவர்களிடம் போங்கள்: பழைய மேலாளர், பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டர், ஊர் ஆடிட்டர்.

எனக்கு முதலில் வேலை கொடுத்தது ஒரு ஆடிட்டர்தான். ஜிஎஸ்டி கணக்கை மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதி 3பி (வரிச் சுருக்கம்) கடைசி நாள். அதற்கு முந்தைய வாரம் அவர் வாட்ஸ்அப்பைப் பார்க்கவே பாவமாக இருக்கும். அவருடைய வாடிக்கையாளர்கள் சாய்த்துப் படமெடுத்து அனுப்பிய பில், பாதி வெட்டுப்பட்ட பில், நடுநடுவே காலை வணக்கப் படங்கள். “சார், பில் கேட்டு நினைவூட்டுவது, பெயர், மாதம் போட்டு கூகுள் டிரைவில் அடுக்குவது, வராததை ஷீட்டில் குறிப்பது, இதை நான் பார்த்துக்கிறேன்” என்றேன். அன்றே சரி என்றார். ‘எந்த வேலையும் செய்வேன்’ என்று கேட்டிருந்தால் “சொல்லி அனுப்புறேன்மா” என்பதோடு முடிந்திருக்கும்.

இலவசமாக மட்டும் செய்யாதீர்கள். இரண்டு வாரம், சிறு தொகை, ஒரே வேலை என்று பேசிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு வாங்க வேண்டாம்; தேவையான ஃபோல்டரை மட்டும் பகிரச் சொல்லுங்கள். அவர்களுடைய வாடிக்கையாளர் விவரத்தை வெளியே பேசமாட்டீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

வேலை கொடுத்தது ஆடிட்டர் என்றால், தாக்கல் முடிந்து 21ஆம் தேதி அவர் கொஞ்சம் மூச்சு விடுவார். இன்னொரு ஆடிட்டரிடம் உங்களைப் பற்றிச் சொல்லச் சொல்லி அன்றைக்குக் கேளுங்கள்.